சர்வாக் முனையின் பெயர்

நுதாராக் அந்த முனையைச் சுற்றி வேட்டையாடியே நான்கு பிள்ளைகளை வளர்த்தவள். முனையின் அடியில் நீரோட்டம் பொல்லாதது. மற்ற இடமெல்லாம் கடல் கல்லாக உறைந்து கிடக்கும்போதும் அங்கே பனி மெல்லிய தோலாகத்தான் படியும். ஓட்டம் இழுக்கும் இடம் என்பதால் அவள் சனங்கள் அதைச் ‘சர்வாக்’ என்றார்கள். அரசாங்க வரைபடத்திலோ அது ‘விம்பரி பிரபு முனை’.

கடல் இன்னும் உறைந்தே கிடந்த ஓர் ஏப்ரலில் நில அளவை அதிகாரி கார்வர் வந்தார். வழிகாட்ட நுதாராக், மொழிபெயர்க்க அவள் தம்பி பனிலூ. முனை நெருங்கியதும் அவள் பனிவண்டியை நிறுத்தினாள்.

“இனிமே கரையேறி சுத்தித்தான் போகணும்.”

கார்வர் படத்தை விரித்தார். “நேரா போனா இருபது நிமிஷம்தானே? கெட்டிப் பனின்னு போட்டிருக்கே.”

“படம் மிதக்கும். நீங்க மிதப்பீங்களா?”

பனிலூ தயங்கினான். “அக்கா, கொஞ்சம் மரியாதையா…”

“அப்படியே சொல்லுடா.”

சொல்லிவிட்டு ஈட்டியோடு முன்னே நடந்தாள். பத்தடி தள்ளி ஓங்கிக் குத்தினாள். இரண்டாம் குத்திலேயே கறுப்புத் தண்ணீர் குபுகுபுவென்று மேலே வந்தது. கார்வர் படத்தை மடித்தார். மலைமேல் ஏறிச் சுற்றிப் போக நான்கு மணி நேரம் ஆனது.

மறுவாரம் ஊர்க்கூடத்தில் புதுப்படத்துக்கான பெயர் விசாரணை. கார்வர் படிவத்தை நீட்டினார்.

“மேல பிரபு பேரு இருக்கும். கீழ அடைப்புக்குறிக்குள்ள உங்க பேரு. கையெழுத்துப் போடுங்க.”

“அந்த ஆளு இங்க வந்தாரா?”

“இல்ல. முதமுதல்ல இங்க அளக்க வந்த கப்பலுக்குப் பணம் கொடுத்தாரு.”

“அப்போ கப்பலுக்கு அவரு பேர வையுங்க.”

கூடம் சிரிப்பில் அதிர்ந்தது. நுதாராக் சிரிக்கவில்லை.

“எங்க பேரக் கேட்டா, கிட்ட போகாதேன்னு அர்த்தம். அவரு பேரக் கேட்டா என்னய்யா தெரியுது?”

அவள் கையெழுத்துப் போடவில்லை. அவளுக்குப் பின்னால் ஒருவரும் போடவில்லை.

இரண்டு குளிர்காலம் கழித்துப் புதுப்படம் வந்தது. சர்வாக் அடைப்புக்குறிக்குள்தான் இருந்தது. கறுப்பு மையால் பிரபுவை அடித்து, வந்த விமானத்திலேயே திருப்பி அனுப்பினாள். அடுத்த வருஷம் பெயர் தனியாக வந்தது, ஆனால் எழுத்துப் பிழையோடு.

“விடேன்க்கா, அதான் வந்துடுச்சே!” என்றான் பனிலூ.

“உன் பேர ‘பன்னிலூ’ன்னு எழுதினா சும்மா இருப்பியா?”

அதையும் திருப்பி அனுப்பினாள். மூன்றாவது படத்தில் ‘சர்வாக்’ மட்டும், சரியாக. பனிலூவை இரண்டு தடவை வாசிக்கச் சொல்லிக் கேட்டாள். பிறகு, வெளியூர்க்காரர்கள் வண்டிக்கு எண்ணெய் வாங்கும் கடைக்குப் போய், கல்லாவுக்கு எதிரே நான்கு ஆணி அடித்து அதை மாட்டினாள்.