ஆடிட் அன்றைக்குக் குற்றாலம்

போன் அடித்தால் முப்பிடாதியம்மாள் அதைத் தரையில் வைத்து, குனிந்து, மூக்கு நுனியால் தள்ளித்தான் எடுப்பாள். விரலால் எத்தனை தரம் இழுத்தாலும் அந்தக் கண்ணாடிக்கு அவள் விரல் விரலாகத் தெரிவதில்லை. பக்கத்தில் இருக்கிற பெண்கள் சிரிப்பார்கள். "சிரிங்கட்டி, சிரிங்க. என் மூக்காவது அதுக்கு அடையாளம் தெரியுதுல்லா" என்பாள்.

ரேஷன் கடை மிஷினும் அப்படித்தான். பெருவிரலைச் சேலையில் தேய்த்து, ஊதி, அழுத்தி வைத்தாலும் ஏற்காது. மகள் அனுசியா போய் விரல் வைத்து அரிசி வாங்கி வருவாள். கல்யாண வீட்டுப் பந்தியில் எல்லோரும் இலையில் கை வைத்துப் பிசையும்போது முப்பிடாதி மடியிலிருந்து ஒரு கரண்டியை எடுப்பாள். "துரைசாணி வந்துட்டா, இலையைப் பெருசாப் போடுங்க" என்று பரிமாறுகிறவர்கள் கேலி பண்ணுவார்கள். ஊறுகாயும் ரசமும் பட்டால் அவளுக்குக் கை எரியும் என்பது சொந்தக்காரர்களுக்குத் தெரியும். தெரிந்தும் கேலி செய்வார்கள். அவளும் முகம் கோணாமல் சாப்பிட்டு எழுந்திருப்பாள்.

முப்பிடாதி எனக்கு மகள் முறை. அவள் அப்பா பரமசிவன் என் பெரியப்பா மகன். இலஞ்சிப் பக்கம் நெல் அறுக்கப் போன குடும்பம். முந்திரிக் கம்பெனிக்கு முதலில் போனது இவள்தான். அதற்கு எங்கள் பக்கத்தில் அண்டியாபீஸ் என்று பெயர். மலைக்கு அந்தப்புறம் கேரளத்திலிருந்து தொழில் வந்தபோது பேரும் கூடவே வந்துவிட்டது. தாவணி போட்ட வயதில் போய் உட்கார்ந்தவள், இரண்டு பிள்ளை பெற்று, ஒன்றைப் பறிகொடுத்து, இன்னும் அதே பலகையில்தான் இருக்கிறாள்.

அவள் வேலை உடைப்பு. காலையில் உட்கார்ந்ததும் தேங்காய் எண்ணெயை இரண்டு கையிலும் தடவி, அதன்மேல் சாம்பலைப் பூசிக்கொள்வாள். பிறகு கொட்டாப்புளி என்கிற மரச்சுத்தியலைக் கையில் எடுப்பாள். கொட்டையை நிறுத்தி ஒரே ஒரு தட்டு. ஓடு இரண்டாகப் பிளந்து பருப்பு நொறுங்காமல் எழுந்து வரும். ஓட்டுக்குள் ஒரு எண்ணெய் இருக்கிறது. சேராங்கொட்டைப் பாலுக்கு அண்ணன் என்று வையுங்கள். சாம்பலையும் தாண்டி அது தோலுக்குள் இறங்கும். முப்பிடாதியின் உள்ளங்கை அடுப்புக்கட்டி நிறம். விரலிடுக்கில் வெங்காயச் சருகுபோலத் தோல் உரிந்துகொண்டே இருக்கும். கம்பெனியில் கையுறை உண்டா என்று கேட்டால் உண்டு. ஆடிட் வருகிற அன்று காலையில் கொடுப்பார்கள், சாயங்காலம் வாங்கி வைத்துக்கொள்வார்கள்.

ஆடிட் என்றால் கணக்குப் பார்க்கிறவர்கள் இல்லை. வெளிநாட்டில் ஏதோ ஒரு சங்கம். கூலிக்காரர்கள் எப்படி இருக்கிறார்கள், குடிக்கத் தண்ணீர் உண்டா, கழிப்பறை உண்டா, கை கால் பத்திரமா என்று பார்த்து முத்திரை கொடுக்கிறவர்கள். அந்த முத்திரை பாக்கெட்டில் இல்லாவிட்டால் கடல் தாண்டிய பெரிய கடைகள் நம் முந்திரியைத் தொடாது. மானேஜர் விஜய்பாண்டி ஒரு நாள் எல்லோரையும் நிறுத்தி வைத்து இதை விளக்கினான். "அங்கன பாக்கெட்டைத் திருப்பிப் பாத்துட்டுத்தான் கூடையில போடுதாவளாம். முத்திரை இல்லன்னா திரும்ப வச்சிருதாவ."

"நம்ம பருப்பைத் திங்கிறவனுக்கு நம்ம கையப் பத்தி என்னலே அம்புட்டுக் கவலை?" என்று முப்பிடாதி கேட்டாள்.

"கவலையோ, பகுமானமோ, ஆர்டர் அவன் கையில இருக்கு பெரியம்மா."

விஜய்பாண்டி வேற்று ஆள் இல்லை. முப்பிடாதியின் சித்தி மகள் பெற்ற பிள்ளை. கெட்டவனும் இல்லை. போலீஸ் ஜீப் வந்தாலும் உட்கார்ந்தபடியே பேசுகிற முதலாளி, அந்தச் சங்கத்திலிருந்து போன் வந்தால் எழுந்து நின்று பேசுவார். அவருக்கும் சங்கத்துக்கும் நடுவில் விஜய்பாண்டி நசுங்கிக்கொண்டிருந்தான். அவன் கண்டுபிடித்த வழிதான் குற்றாலம். ஆடிட் அன்று கை மோசமான உடைப்புப் பெண்களையும், உடைத்த ஓட்டைச் சேர்த்து வைக்கிற ஓட்டு குடோனில் மூட்டை தைக்கிற என்னைப்போல வயது மீறியவர்களையும் விடியற்காலையிலேயே வேனில் ஏற்றி அருவிக்கு அனுப்பிவிடுவான். அன்றைக்குக் கூலியும் உண்டு, எலுமிச்சம் சாதப் பொட்டலமும் உண்டு. முப்பிடாதிக்கு அதில் ஒரு குறையும் தெரிந்ததில்லை. முதல் ஆளாக ஜன்னலோரம் பிடிப்பாள். ஐந்தருவியில் தலையைக் கொடுத்து நின்று, "வெள்ளைக்காரன் தயவுல நமக்குத் தலைமுழுக்கு" என்று கத்துவாள்.

அந்த வேனில் முகம் கொடுக்காமல் ஓரமாய் உட்கார்ந்து வருகிறவள் லோகநாயகி. ராயகிரிப் பக்கம் ஒரு அண்டியாபீஸில் இருந்தவள். அங்கே ஆடிட் வந்தபோது கையை நீட்டி, உள்ளதைச் சொல்லிவிட்டாள். முத்திரை போயிற்று, ஆர்டர் வியட்நாமுக்குப் போயிற்று, கேட்டுக்குப் பூட்டு விழுந்தது. ஊரில் அவளோடு யாரும் பேசவில்லை. குழாயடியில் அவள் குடத்தை நகர்த்தி வைத்தார்கள். கூடப் பிறந்த அண்ணன் மகள் சடங்குக்குக்கூட அழைப்பு இல்லை. முப்பிடாதியும் அவளை விட்டு வைத்ததில்லை. "வாய வச்சிக்கிட்டு சும்மா இருந்திருந்தா ஒரு ஊரே கஞ்சி குடிச்சிருக்கும்" என்று காதுபடச் சொல்வாள்.

போன ஐப்பசியில் வந்த ஆடிட் மாதிரி ஒன்று வரக்கூடாது. மலையில் ராத்திரியெல்லாம் மழை. வேன் குற்றாலம் போய்ச் சேர்ந்தபோது மெயினருவியில் வளைவைத் தாண்டித் தண்ணீர் செம்மண் நிறத்தில் விழுந்துகொண்டிருந்தது. போலீஸ்காரர்கள் விசில் ஊதிக் கூட்டத்தை விரட்டினார்கள். ஐந்தருவிக்கும் தடை. வண்டிகளை நிறுத்தவும் விடவில்லை. டிரைவர் பலவேசம் போனைப் போட்டான். விஜய்பாண்டி கத்தியது எங்களுக்கே கேட்டது. "இங்கன கொண்டு வராதலே! எங்கயாவது சுத்து!"

"எங்கன சுத்த? பாலத்துல தண்ணி ஏறுதாம். பொம்பளையாள் எல்லாம் ஒதுங்க இடம் கேக்காவ. நீரு வந்து ஓட்டும்."

கடைசியில் பின்வாசல் வழியாகக் கொண்டுவந்து எங்களை ஓட்டு குடோனில் இறக்கினான். விஜய்பாண்டி ஓடி வந்தான். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. "பெரியம்மா, உன் காலைப் பிடிக்கேன். சத்தம் காட்டாம இருங்க. சின்னாள்பட்டிச் சேலைய விரிச்சாப்ல எல்லாம் நல்லபடியாப் போயிட்டிருக்கு. அவிய கிளம்புனதும் திறந்து விடுதேன்." தகரக் கதவைச் சாத்தி வெளியே நாதாங்கியை இழுத்துப் போட்டான்.

குடோனில் ஓட்டு மூட்டைகளின் காட்டம் மூக்கைப் பிடுங்கியது. எனக்கு அது பழகிய இடம். பெண்கள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்கள். ஒருத்திக்கு இருமல் வந்தது. முப்பிடாதி அவள் தலையைத் தன் மடியில் அமுக்கி, "உள்ளயே இருமுட்டி" என்றாள்.

தகரத்துக்கு அந்தப்பக்கம்தான் உடைப்புக் கொட்டகை. அன்றைக்கு அங்கே கையெல்லாம் வெள்ளையாக, புதிதாக வேலைக்கு வந்த பெண்களை வரிசையாக உட்கார வைத்திருந்தார்கள். முன்வரிசையில் அனுசியா. நர்சிங் படிப்பு பாதியில் நின்று போனதால் சித்திரையில் வந்து சேர்ந்தவள். மகளைப் பலகையில் உட்கார வைத்த அன்றைக்கு முப்பிடாதி என்னிடம் மூன்று தரம் சொன்னாள்: "சித்தப்பா, இது கொஞ்ச நாளைக்குத்தான். காலேஜ் திறந்ததும் போயிருவா." காலேஜ் திறந்து நாளாயிற்று.

ஆடிட்டுக்கு வந்த வெள்ளைக்கார அம்மா ஏதோ கேட்டாள். கூட வந்த மதுரைக்காரப் பெண் அதைத் தமிழில் சொன்னது தெளிவாகக் கேட்டது.

"கையுறை தினமும் தர்றாங்களாம்மா?"

"தாராங்க மேடம்." அனுசியாவின் குரல்.

"இங்க வேலை பார்த்து யாருக்காவது கை புண்ணாகி இருக்கா?"

"இல்ல மேடம்."

"உங்க வீட்ல வேற யாராவது இந்த வேலை பார்த்திருக்காங்களா?"

அனுசியா சொன்னாள். "இல்ல மேடம். எங்க வீட்டுல நான்தான் முதல்ல."

லோகநாயகி மெல்லத் திரும்பி முப்பிடாதியைப் பார்த்தாள். முப்பிடாதி சிரித்தாள். "நல்லாத்தான் சொல்லுதா. விஜய் சொல்லிக்குடுத்திருக்கான். பிள்ளை கெட்டிக்காரி" என்று எங்களுக்குக் கேட்கிற அளவு மட்டும் சொன்னாள். அந்தச் சிரிப்பு வந்த இடத்திலேயே நின்றுவிட்டது.

மதுரைக்காரப் பெண் அடுத்ததைக் கேட்டாள். "உங்க கை இவ்வளவு நல்லா இருக்கு. இந்த வேலை பிடிச்சிருக்கான்னு மேடம் கேக்குறாங்க. எத்தனை நாளைக்கு இங்க இருப்பீங்க?"

"பிடிச்சிருக்கு மேடம். கல்யாணமானாலும் இங்கதான் வருவேன். கடைசி வரைக்கும் இங்கதான்."

வெள்ளைக்கார அம்மா சந்தோஷமாக ஏதோ சொன்னாள். விஜய்பாண்டியின் செருப்புச் சத்தம் வாசல் பக்கம் நகர்ந்தது. நாற்காலிகளை இழுத்தார்கள். காருக்குக் குடை கொண்டு வரச்சொல்லி யாரோ குரல் கொடுத்தார்கள். அவ்வளவுதான், முடிந்தது, முத்திரை நம்முடையது என்று எனக்குத் தோன்றியது. அடுத்த வருஷம் வரைக்கும் எல்லோருக்கும் வேலை உண்டு.

முப்பிடாதி மடியில் கிடந்த பெண்ணின் தலையை எடுத்து மூட்டைமேல் சாய்த்து வைத்தாள். எழுந்து நின்று சேலையை இழுத்துச் செருகினாள். அவள் எங்கே போகிறாள் என்பது எல்லோரையும் முந்தி லோகநாயகிக்குத்தான் தெரிந்தது. தாவிப்போய் அவள் முந்தானையைப் பிடித்தாள்.

"வேண்டாம்க்கா. நான் பட்டது போதும். அந்தப் பிள்ளை மூஞ்சியிலயே யாரும் முழிக்க மாட்டாவ. அவளே உங்ககிட்டப் பேச மாட்டா."

"விடுட்டி."

"இத்தனை பேரு அடுப்பும் அவிஞ்சிரும்க்கா."

"தெரியும்ட்டி. தெரியாமலா உன்னை அம்புட்டுப் பேசுனேன்?" என்றாள் முப்பிடாதி. குரல் உயரவில்லை. லோகநாயகியின் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து முந்தானையை விடுவித்துக்கொண்டாள்.

என்னைத் தாண்டித்தான் கதவுக்குப் போகவேண்டும். நான் காலை மடக்கிக்கொண்டு வழி விட்டேன். வெளியே கார் கதவு திறக்கும் சத்தம் கேட்டது. முப்பிடாதி தகரக் கதவின் முன்னால் நின்று, வலது கையைப் பின்னுக்கு ஓங்கி, விரல் ஐந்தையும் அகல விரித்து, உள்ளங்கையாலேயே ஓங்கி அறைந்தாள்.