பருத்திப்பால் வண்டியில் என் பேத்தியின் மானம்

பெரிய பேரன் கப்பலில் இன்ஜினியர். சின்னவன் பள்ளியிலேயே முதல் மார்க். பேத்தி செல்வி மரபணு மாற்றிய விதைகளில் ஆராய்ச்சி செய்கிறாள்.

இன்று மில்லர்புரம் பருத்திப்பால் வண்டியில் இதைச் சொன்னேன். பக்கத்தில் குடித்துக்கொண்டிருந்த பலசரக்குக்கடை அண்ணாச்சி பொங்கிவிட்டார்.

"ஆச்சி, அது வெசம்லா! ஒங்க பேத்தி ஊரையே கொல்லப் பாக்கா!"

விடுவேனா? செல்விக்குப் போன் போட்டு, ஸ்பீக்கரில் வைத்து, அவர் சொன்னதைச் சொன்னேன்.

"அண்ணாச்சி, கையில என்ன வச்சிருக்கீய?"

"பருத்திப்பால்மா."

"இப்ப வெளையுத பருத்தி பெரும்பாலும் அந்த மாதிரி வெதைதான். வருசக்கணக்கா குடிச்சிட்டுத்தான இருக்கீய?"

அண்ணாச்சி டம்ளரை உற்றுப் பார்த்தார். மீதியைக் குடித்தார். "எதுக்கும் இன்னொண்ணு ஊத்தும்வே, சோதிச்சிப் பாப்போம்" என்று வண்டிக்காரரிடம் நீட்டினார்.

ஏளா செல்வி, வெள்ளைக் கோட்டோடு புது போட்டோ ஒன்று இந்தப் பதிவுக்குக் கீழே போடு. விஷம் வைக்கிற முகமா என்று எல்லோரும் பார்த்துச் சொல்லட்டும்.