கரையில் நின்ற வருடங்கள்

சிட்னித் துறைமுகத்தருகே ஒரு மண்டப வாசலில் மழைக்கு ஒதுங்கி நிற்கிறேன். மீன்பிடி உரிமம் வைத்திருப்பவர்கள் ஆளுக்கு எவ்வளவு பிடிக்கலாம் என்று உள்ளே மறுபரிசீலனை நடக்கிறது. நான் தங்கியிருக்கும் வீட்டுக்காரர், யாழ்ப்பாணத்து சேவியர் அண்ணன், முகம் வாடி வெளியே வருகிறார். சொந்தப் படகில் மீன் பிடிப்பவர்.

"என்னண்ணே சொன்னாங்க?"

"முந்திப் பிடிச்ச அளவை வைச்சுத்தான் பங்காம். மனுசிக்குப் புற்றுநோய் எண்டு நான் கடலுக்குப் போகாத வருசங்களையும் சேர்த்துச் சராசரி பாத்திருக்கினம். இந்தப் பங்குக்குப் படகு ஓடாது தம்பி, விக்கத்தான் வேணும்."

காரிலிருந்து அவர் மனைவி மேரி அக்கா குடையுடன் மெல்ல நடந்து வருகிறார். தலைமுடி இப்போதுதான் குட்டையாக வளர்ந்திருக்கிறது.

"என்னவாம்?"

"எல்லாருக்கும் குறைச்சுப் போட்டாங்கள்."

"அப்ப எங்களுக்கு மட்டும் இல்லைத்தானே" என்று அக்கா ஆறுதல் சொல்கிறார். சேவியர் அண்ணன் என்னைப் பார்க்காமல், குடையை வாங்கி அவருக்குப் பிடிக்கிறார்.