முட்டை அடித்த பால்

நான் பெரியபிள்ளையானதும் உழுத்தங்களியும் நல்லெண்ணெயுமாக என் வாயில் தீத்தித் தள்ளினார்கள். சடங்கன்று பந்தி முழுக்கக் கேட்கும்படி மாமி சொன்னார்: "உவளுக்கு மாப்பிள்ளை எடுக்க முந்தி வீட்டுக் கதவை அகட்டவேணும்." எல்லோரும் சிரித்தார்கள். வெட்கக்கேடு, நானும் சேர்ந்து சிரித்தேன்.

அடுத்த நாளிலிருந்து என் சோறு மாட்டுத்தொட்டிக்குப் போனது. மாடு கொழுத்தது, நான் எலும்பும் தோலுமானேன். வயிறு கத்தக் கத்த, என்னை நானே கெட்டிக்காரி என்று மெச்சிக்கொண்டேன். நாவூறு என்று அம்மா மிளகாயைச் சுற்றி அடுப்பில் போட்டார். பிறகு பரியாரியார் வந்து நாடி பிடித்து, பித்தம் என்றார். மருந்தோடு பத்தியமும் சொன்னார்: தேங்காய் கூடாது, எண்ணெய் கூடாது, இரவில் சோறே கூடாது. சாப்பிடாத நோய்க்குச் சாப்பிடாதே என்று வைத்தியம்! எனக்கு வந்த சந்தோஷத்தைக் கேட்கவே வேண்டாம். யாராவது பணியாரம் நீட்டினால் அம்மாவே குறுக்கே விழுந்து தடுத்தார்.

கிணற்றடியில் நான் மயங்கி விழுந்த பிறகுதான் ஐயாவும் அம்மாவும் வண்டில் கட்டி என்னை மிஷன் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். குமர்ப்பிள்ளைக்கு இப்படியொரு நோய் என்று தெரிந்தால் யார் கட்டுவார்? பிள்ளை உடுப்பிட்டியில் சின்னம்மா வீட்டுக்குப் போய்விட்டாள் என்று ஊருக்குச் சொன்னார்கள். வண்டில் எங்கள் ஒழுங்கையைத் தாண்டும்வரை என்னைப் பாயால் மூடியிருந்தார்கள்.

அங்கிருந்த டொக்டர் அம்மா என்னை அதட்டவில்லை. என் அம்மாவிடம்தான் கதைத்தார்.

"இப்பிடியே விட்டால் பிள்ளையின்ரை நெஞ்சு தாங்காது. முதல் பால், பிறகு கஞ்சி, மெல்ல மெல்லத்தான் ஏத்தவேணும். சாப்பிடேக்கை பக்கத்திலை இருங்கோ. ஏசாதேங்கோ."

முட்டை அடித்த பால் ஒரு கோப்பையில் வந்தது.

எங்கள் வீடு சுத்த சைவம். கிறிஸ்தவ வேதக்காரர் வீட்டில் அம்மா பச்சைத்தண்ணிகூடக் குடிக்கமாட்டார். ஆஸ்பத்திரிக்கும் வீட்டுத் தண்ணீர்ச் செம்போடுதான் வந்திருந்தார். எனக்கு அருமையான சாட்டுக் கிடைத்தது.

"முட்டை நாங்கள் தொடமாட்டம். நாங்கள் சைவம்," என்றேன், பெரிய பக்தைபோல.

என் கள்ளம் அம்மாவுக்கு விளங்கிவிட்டது. கோப்பையை எடுத்து, கண்ணை மூடிக்கொண்டு பாதியைக் குடித்தார். ஓங்காளம் வந்தது; சேலைத்தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டார்.

"நான் குடிச்சிட்டன். இனி நீ குடி, பிள்ளை."

எனக்கு நிலத்துக்குள் புதைந்துவிடலாம்போல் இருந்தது. குடித்தேன். அதன் பிறகு எந்தக் கோப்பை வந்தாலும் முதல் வாய் அம்மா, அடுத்த வாய் நான்.

உடம்பு தேறி வீட்டுக்கு வந்ததும் கோயிலுக்குப் புறப்பட்டோம். "நீ குடிச்சது மருந்து, அதிலை குற்றமில்லை," என்று சொல்லி அம்மா எனக்குத் திருநீறு பூசிவிட்டார். தான் மட்டும் உள்ளே வரவில்லை.

"ஐயாவோடை போ. நான் இதிலை நிக்கிறன்."

அந்த வருடம் முழுக்க அப்படித்தான். வெள்ளிக்கிழமை தவறாமல் வருவார். வெளிவீதியில், செருப்புகள் கிடந்த இடத்தில் நின்று கைகூப்பிவிட்டுத் திரும்புவார். ஆஸ்பத்திரியில் கிடந்தவளோடு சேர்ந்து நிற்க அம்மாவுக்கு வெட்கம் என்று நான் அப்போது நினைத்தேன். அந்தக் கோபத்தில் அவரைத் திரும்பியும் பாராமல் உள்ளே போவேன்.