துரை வீட்டில் பளபளா அக்கா

என் அக்காவை எல்லோரும் பளபளா என்றுதான் கூப்பிடுவார்கள். பெற்றவர்கள் வைத்த பெயர் அடையாள அட்டையில் மட்டும் இருக்கிறது. கல்யாணமான சூட்டோடு வீட்டுக்காரர் போய்ச் சேர்ந்துவிட, பெரிய வீடுகளில் தரை துடைத்து, பாத்திரம் தேய்த்து, என்னையும் ஆளாக்கியவள். அவள் துடைத்த தரையில் கால் வைக்கக் கூசும். அப்படித்தான் அந்தப் பெயர் வந்தது.

நான் பஸ் கண்டக்டர். கோபம் எனக்கு மூக்குக்கு மேல் வரும். சாப்பாட்டுத் தட்டு வைக்கும்போதுகூட "உள்ளே போ, உள்ளே போ" என்று கத்துகிற ஆள் என்று என் மனைவி சொல்லிக்காட்டுவாள். அக்கா என்னைக் கண்டு பயந்ததே இல்லை. நான் கத்த ஆரம்பித்தால், "முடிச்சுட்டுச் சொல்லு" என்று தன் வேலையைப் பார்ப்பாள்.

போன வருஷம் அவளுக்கு ஒரு கண் முழுக்கப் போய்விட்டது. இன்னொன்றில் பக்கத்தில் இருப்பது தெரியும். கொஞ்சம் தள்ளிப்போனால் எல்லாம் புகைமூட்டத்துக்குள் வெறும் உருவமாகத்தான் தெரியும். ஆபரேஷன் செய்தால் பார்வை திரும்பினாலும் திரும்பும், இருப்பதும் போனாலும் போகும் என்று டாக்டர் பட்டென்று சொல்லிவிட்டார். ஆபரேஷனுக்கு அடுத்த திங்கட்கிழமை வரச் சொன்னார்கள். அக்கா மாத்திரைச் சீட்டை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டாள்.

"அதுக்குள்ள எதாவது பாக்கணுமாக்கா?" என்று கேட்டேன். கடற்கரை என்பாள், சினிமா என்பாள் என்று நினைத்தேன்.

"அந்த மஞ்ச வீட்டுக்குள்ள என்னதான் இருக்குன்னு பாத்துடணும்டா."

கப்பல் கம்பெனித் துரை ஒருவர் அந்தக் காலத்தில் கட்டிய வீடு அது. வேலைக்குப் போகிற பஸ்ஸில் உட்கார்ந்தபடி ஆயுசு முழுக்க அதன் மதிலைப் பார்த்திருக்கிறாள். இப்போது அரசாங்கம் அதை அப்படியே காப்பாற்றி, டிக்கெட் போட்டு, ஜனங்களை உள்ளே விடுகிறது.

ஞாயிற்றுக்கிழமை என் மனைவியின் பட்டுச்சேலையைக் கட்டிக்கொண்டு வந்து நின்றாள். பழைய நாற்காலியைப் பார்க்கப் பட்டு எதற்கு என்று நான் சிடுசிடுத்தேன்.

"பெரிய வீட்டுக்குப் போறேன்ல" என்றாள்.

டிக்கெட் வாங்கித் திரும்பினால் ஆளைக் காணோம். கண் தெரியாதவளை எங்கே என்று தேட? வீட்டைச் சுற்றிக்கொண்டு ஓடினேன். பின்பக்கம், செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு, பூட்டிக் கிடந்த சமையலறைக் கதவை மெதுவாகத் தட்டிக்கொண்டிருந்தாள்.

"இங்க என்னக்கா பண்ற? டிக்கெட் வாங்கியிருக்கோம். முன்வாசல் வழியாப் போகணும்."

"நெசமாவா?" என்று சிரித்தாள். "கால் தன்னால இங்க வந்துடுச்சுடா."

முன்வாசல் படியேறும்போது என் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். உள்ளே போனோம். கறுப்பும் வெள்ளையுமாகப் பளிங்குத்தரை. அதில் எங்கள் தெருவையே உட்காரவைக்கலாம். தலைக்கு மேலே அண்ணாந்தால் கழுத்து வலிக்கிற உயரத்தில் கூரை. நடுவில் கண்ணாடிச் சரங்களாகத் தொங்கும் பெரிய விளக்கு. அக்கா அப்படியே குனிந்து தரையை உள்ளங்கையால் தடவிப் பார்த்தாள்.

"அடேயப்பா. இதைத் துடைக்க எத்தனை பேரை வச்சிருந்தாங்களோ" என்றாள். பிறகு அண்ணாந்து, "அந்த வெளக்கு உனக்கு ஒண்ணாத்தான தெரியுது? எனக்கு மூணு. ஒரே டிக்கெட்டுல எனக்குத்தான் லாபம்" என்றாள்.

சாப்பாட்டு மேசையின் ஓரத்தை மூக்கு படுகிற மாதிரி குனிந்து பார்த்தாள். துரையின் கட்டிலில் ஏற மூன்று படிகள் வைத்த மர ஏணி இருந்தது; அதைப் பார்த்து வாய் பிளந்து நின்றாள். ஆனால் எந்த அறையிலும் நடுவில் நடக்கவில்லை. சுவரை ஒட்டியே போனாள். நடுவில் வாக்கா என்று இழுத்தால், இரண்டு எட்டு வந்துவிட்டு மறுபடி ஒதுங்கினாள். எங்கள் பின்னாலேயே வந்த காவலாளி, "அஞ்சு மணிக்குச் சாத்திடுவோம், சீக்கிரம் பாருங்க" என்று சாவிக்கொத்தை ஆட்டினார். ஆயுசெல்லாம் ஊரை அவசரப்படுத்திய எனக்கு அது சுருக்கென்று தைத்தது. திங்கட்கிழமை விஷயத்தை அவர் காதில் மட்டும் சொன்னேன். அதன் பிறகு அவர் சாவியை ஆட்டவில்லை.

மாடியில் நடனக்கூடம். நுழைந்த அக்கா சட்டென்று நின்றாள். சுவரோரம் ஒட்டிக்கொண்டு, தலை குனிந்து, கையைக் கட்டிக்கொண்டாள்.

"போங்கம்மா" என்றாள்.

யாரிடம் பேசுகிறாள் என்று எனக்கு முதலில் புரியவில்லை. வாசலில் நின்ற காவலாளியையும் எங்களையும் தவிரக் கூடத்தில் ஆளே இல்லை.

"ஒதுங்குடா, அந்த வீட்டம்மா வர்றாங்க. பாரு, பட்டு என்னமா மின்னுது." கொஞ்ச நேரம் காத்திருந்தாள். "அவங்களும் ஒதுங்கி நிக்கிறாங்கடா. எனக்குப் போய் வழி விடுறாங்க. நீங்க மொதல்ல போங்கம்மா, பரவால்ல. பின்னாடி ஒருத்தர் இடுப்புல கைய வச்சுக்கிட்டு மொறைக்கிற மாதிரி நிக்கிறாரு, அவரு யாரு?"

இடுப்பில் கை வைத்து நின்றவன் நான். கூடத்தின் கடைசியில், தரையிலிருந்து கூரை வரைக்கும், தங்க முலாம் பூசிய சட்டத்துக்குள் ஒரு நிலைக்கண்ணாடி இருந்தது.

சொல்லாமலே கூட்டிக்கொண்டு போய்விடலாமா என்று ஒரு நிமிஷம் யோசித்தேன். மனசு கேட்கவில்லை. அவளிடம் நான் பொய் சொன்னதில்லை.

"அக்கா, அது கண்ணாடி. அது நீதான்."

அவள் கட்டிய கையை மெதுவாக அவிழ்த்தாள். வலதுகையைத் தூக்கிப் பார்த்தாள். பிறகு நடந்தாள், கூடத்தின் நட்டநடுவில், நேராக. குறுக்கே கட்டியிருந்த கயிற்றைக் காவலாளி தானாகவே வந்து அவிழ்த்துவிட்டார். கண்ணாடியில் மூச்சுப் படுகிற தூரத்தில் போய் நின்றாள். கண் போனதிலிருந்து கண்ணாடிப் பக்கமே போகாதவள்; தன் முகத்தை அவள் பார்த்தே ஒரு வருஷத்துக்கு மேல் ஆகியிருக்கும்.

"முடியெல்லாம் இவ்வளவு நரைச்சுடுச்சா? நீ சொல்லவே இல்லையேடா."

"நீ கேக்கலையேக்கா."

காதோரம் பறந்த முடியை ஒதுக்கினாள். சேலைக் கொசுவத்தை நீவிவிட்டாள். அந்தப் பெரிய கூடம், விளக்குகள், ஜன்னல் வெளிச்சம் எல்லாம் அவளுக்குப் பின்னால் இருந்தன. அவள் அவற்றைப் பார்க்கவில்லை.

"இந்த வீட்டுல நான் நின்னா நல்லாத்தான்டா இருக்கு" என்றாள்.

கீழே மணி அடித்தது. காவலாளி கைக்கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, சாவிக்கொத்தைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார்.

"போலாமாக்கா?" என்று கேட்டேன்.

"இரு" என்றாள், திரும்பாமலே. "இன்னும் பாத்து முடியல."