வேலூரில் இரண்டு நாள்: சாரின் வேலையும் என் வேலையும்

ஒப்பந்தத்தில் இருக்கும் ஆராய்ச்சிப் பணியாளர்களுக்கு யார் பயிற்சி தருவார்கள்? சோதனைக்கூடத்தில் தண்ணீர் மாதிரியைப் பரிசோதித்துக்கொண்டே காலம் போய்விடும். இந்த ஜனவரியில் மூன்று பல்கலைக்கழகங்கள் கைகோத்து எங்களுக்கென்றே வேலூரில் இரண்டு நாள் பயிற்சி வைத்தன. நான் விழுந்தடித்துக்கொண்டு ஓடியதற்குக் காரணம் வேறு. முடிவில் ஒருவருக்கு இன்னொரு பல்கலைக்கழகத்தில் ஒரு வருட வேலை. என் ஒப்பந்தமோ மார்ச்சோடு முடிகிறது.

சென்னையிலிருந்து காட்பாடி 130 கிலோமீட்டர். காலை ஆறேகால் ரயில், டிக்கெட் 95 ரூபாய், எட்டரைக்கு இறங்கிவிட்டேன். அங்கிருந்து ஷேர் ஆட்டோவில் 30 ரூபாய். "இன்னாம்மா, ரெண்டு நாளைக்கு இவ்ளோ பெரிய பையா?" என்றார் ஓட்டுநர். பாதி காகிதம்தான் அண்ணே என்றேன்.

முதல் வேலையே ஜோடி சேர்ப்பது. ஒரு பல்கலைக்கழகத்து ஆளுக்கு இன்னொரு பல்கலைக்கழகத்து ஆள். மறுநாள் மேடையில் அடுத்தவர் ஆராய்ச்சியைத்தான் நாம் சொல்ல வேண்டும். எனக்குக் கிடைத்தவள் ஷாஹீன், ஆம்பூர்க்காரி. அவளுக்கும் அந்த வேலை தேவைதான்.

மதியம் முழுக்க ஓய்வு என்றதும், "வா, எங்க ஊர்ல சாப்ட்டுக்கினே பேசலாம்" என்று பேருந்தில் ஏற்றிவிட்டாள். ஐம்பது கிலோமீட்டர், ஒன்றேகால் மணி நேரம், 45 ரூபாய். ஊர் நெருங்கும்போதே தோல் வாடை வந்தது. ஐந்து வருடம் தோல் தொழிற்சாலைத் தண்ணீரோடு குடித்தனம் நடத்திய எனக்கு அது வீட்டு வாசனை. பிரியாணி 180 ரூபாய். "கத்திரிக்கா ஜாஸ்தியா போட்டுக்க, கூச்சப்படாத" என்று ஷாஹீனே என் தட்டில் அள்ளிவைத்தாள். சாப்பிட்டுக்கொண்டே நான் சொன்னதையெல்லாம் கர்மசிரத்தையாக எழுதிக்கொண்டாள்.

மறுநாள் மேடையில் அவள் பிரமாதமாகப் பேசினாள். எல்லாமே எங்கள் ஆராய்ச்சிக் குழுத் தலைவரான சார்தான்: சார் யோசித்தார், சார் திட்டமிட்டார், சார் கண்டுபிடித்தார். நான் சொன்னதை அப்படியே ஒப்பித்தாள், பாவி! நடுவராக இருந்த பேராசிரியை கேட்டார்: "எல்லாம் சரி, இதில் உங்கள் தோழி என்ன செய்தார்?"

ஷாஹீன் காகிதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "அத மட்டும் அவ சொல்லவேல்ல மேடம். அவளையே கேளுங்க, சொல்வா."

அரங்கமே சிரித்தது. நாம் ராத்திரி பகலாகச் செய்ததைக்கூட 'சார் செய்தார்' என்று சொல்வதுதான் எங்கள் சோதனைக்கூடங்களில் மரியாதை. அந்த சார் நிறைவு நாளுக்கென்று வந்து மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருந்தார். மார்ச்சை நினைத்தேன், எழுந்துவிட்டேன்.

"தோல் ஊறவைக்கிற உப்புத் தண்ணிய எத்தன தடவ திரும்பப் பயன்படுத்தலாம்னு தொட்டி தொட்டியா நின்னு பாத்தது நான்தான் மேடம். நாலு தடவைக்கு மேல போனா தோல் கெட்டுடும்னு கண்டுபிடிச்சதும் நான்தான்." மூன்றாவது வரிசைப் பக்கம் திரும்பவே இல்லை.

நாலரை மணிக்கு முடிவு சொன்னார்கள். என் பெயர்! என்னைவிட சத்தமாகக் கத்தியவள் ஷாஹீன். அவள் மனசு யாருக்கு வரும்?

இந்த மாதிரிப் பயிற்சிக்குப் போகிறவர்கள் தங்குமிடத்தை முன்னதாகவே பேசிவிடுங்கள். மருத்துவமனைக்கு வருகிறவர்களால் வேலூரில் அறைகள் சீக்கிரம் நிரம்பிவிடும். ஆம்பூருக்கு மதியம் ஒன்றுக்குள் போய்விட்டால் பிரியாணி நிச்சயம். உங்கள் வேலையை உங்கள் வாயால் நாலு பேரிடம் சொல்லிப் பழகிக்கொண்டு போங்கள். எனக்கு அது ஐந்து வருடம் தாமதம்.

திரும்பும் ரயிலில் சார் எதிர் இருக்கையில் இருந்தார். அரக்கோணத்தில் இரண்டு டீ வாங்கி, ஒன்றை என்னிடம் நீட்டினார்.

"ஏம்மா, நீ எழுதிக் குடுக்கிற அறிக்கையில எல்லாம் 'சாரின் யோசனைப்படி'ன்னுதானே இருக்கும்?" என்று ஆரம்பித்தார். "படிச்சுப் படிச்சு, நான்தான் யோசிச்சேன்னு நானே நம்பிட்டேன்."

எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது, கண்ணீரும்தான்.

"அடுத்த வாரம் அனுப்பப்போற கட்டுரையில முதல் பேரு யாரோடது?"

"உங்களுது சார்."

"மாத்திடு."

மடிக்கணினியைத் திறந்தேன். பெரம்பூர் வருவதற்குள் மாற்றிவிட்டேன்.