பட்டறையில் மட்டும் வரும் இழுப்பு

நான் டாக்டரிடம் பொய் சொன்னேன். அதற்கான விலையை என் தம்பியின் நுரையீரல் கொடுத்துக்கொண்டிருக்கிறது.

சுற்றி வளைக்காமல் சொல்லிவிட்டேன். இனி நீங்கள் என்னைத் திட்டலாம். ஆனால் நான் என்னைத் திட்டிக்கொள்ளும் அளவுக்கு உங்களால் திட்ட முடியாது!

கீழவாஞ்சூர் போகிற சாலையோரம் எனக்கு ஒரு பட்டறை. ஃபைபர் படகுகளைப் பழுதுபார்க்கிறோம். விரிசலைக் கிரைண்டரால் தேய்த்து, கண்ணாடி நார் விரித்து, ரெசின் பசை பூசி, காய்ந்ததும் மறுபடி தேய்க்க வேண்டும். அதில் என் தம்பி முருகேசனை மிஞ்ச ஆளில்லை. அவன் பூசிய இடத்தைத் தடவிப் பார்த்தால் எது பழசு, எது புதுசு என்று தெரியாது.

அவனுக்கு இழுப்பு வந்தது. பட்டறையில் மட்டும் வந்தது! வேலையில்லாத நாளில் மச்சானோடு கடலுக்குப் போனால் நன்றாக மூச்சுவிட்டான், வலை இழுத்தான், பாட்டுக்கூடப் பாடினான். மறுநாள் கிரைண்டரை எடுத்தால் சாயங்காலத்துக்குள் நெஞ்சு விசிலடிக்கும்.

இதைப் பார்த்த அண்ணனுக்கு என்ன புரிந்திருக்க வேண்டும்? சொல்லுங்கள்! எனக்குப் புரிந்தது வேறு.

“கடலுக்குப் போனா வராத இழுப்பு, கிரைண்டரத் தொட்டா மட்டும் வருதா? வேல செய்ய ஒடம்பு வணங்கலன்னு சொல்லுடா, சோம்பேறி!”

ஆட்கள் எல்லோர் முன்னாலும் கேட்டேன். அவன் தலைகுனிந்தபடி மறுபடி தேய்த்தான்.

பிறகு ஒரு மீன்பிடித் தடைக்காலம். கடலுக்குப் போகாத படகுகளெல்லாம் என் வாசலில் வந்து நின்றன. அந்த நேரத்தில்தான் அவன் மூச்சு கிடைக்காமல் சரிந்தான். ஆஸ்பத்திரியில் அவன் முகத்தில் மருந்துப் புகை விடும் மாஸ்க்கை மாட்டினார்கள். டாக்டர் என்னை வெளியே அழைத்துக் கேட்டார்: “என்ன வேலை பாக்குறாரு?”

அந்த ஒரு கேள்வியில் எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. இழுப்பு எங்கிருந்து வருகிறது, பதில் சொன்னால் அவர் என்ன சொல்வார்... எல்லாமே. விளங்கியதால்தான் பொய் சொன்னேன்! வாசலில் நின்ற படகுகளை அவனில்லாமல் யார் முடிப்பது?

“கடல் தொழிலுங்க” என்றேன்.

“நல்ல காத்துதான். வாயில அடிச்சு மூச்சிழுக்கிற பம்பு எழுதித் தரேன், விடாம அடிக்கச் சொல்லுங்க.”

பம்பு அடித்தால் மூச்சு திறந்தது. திறந்ததும் பட்டறைக்கு வந்தான். லாரித் தூசிதான் இழுப்புக்குக் காரணம் என்று தெருவில் பேசிக்கொண்டார்கள். நானும் சேர்ந்து லாரிகளைத் திட்டினேன், எல்லோரையும்விட உரக்க! வெட்கங்கெட்ட பயல் நான்.

வருடங்கள் போயின. இந்த ஆண்டு பம்புக்கும் இழுப்பு அடங்கவில்லை. வேறொரு டாக்டரம்மா ஸ்கேன் எடுத்துக் காட்டி விளக்கினார். மூச்சுக்குழாய்கள் வெளியே பார்க்க அதே அளவுதானாம். ஆனால் சுவர் உள்பக்கமாகத் தடித்துவிட்டது. குழாயைச் சுற்றியிருக்கும் தசை பெருத்துவிட்டது. சளி சுரக்கும் இடங்கள் அதிகமாகிவிட்டன. உள்தோலுக்கு அடியில் தழும்பு படிந்து இறுகிவிட்டது. ஒவ்வொரு முறை புண்ணாகும்போதும் உடம்பு தானாகப் பூசிக்கொண்டதாம்.

“தசை இறுகினா பம்பு தளத்தும். தழும்பை எந்தப் பம்பும் கரைக்காதுங்க” என்றார்.

பூச்சின்மேல் பூச்சு... எனக்கா புரியாது? படகில் பூசினால் படகு பிழைக்கும். குழாய்க்குள் பூசினால் துவாரம் எங்கே போகும்?

அவரும் வேலையைக் கேட்டார். இந்த முறை பட்டறை, ரெசின், கிரைண்டர் என்று எல்லாவற்றையும் கொட்டினேன். அவர் பேனாவைக் கீழே வைத்தார். “இத்தனை வருஷத்துல ஒரு டாக்டர்கூட இதக் கேக்கலையா?”

“இல்லைங்க” என்றேன்.

பார்த்தீர்களா! அப்போதும் பொய்! அன்று கேட்ட டாக்டரின் தலையிலேயே பழியைத் தூக்கிப் போட்டேன். இந்த நாக்கை என்ன செய்வது?

போனது திரும்பாது, மிச்சத்தையாவது காப்பாற்றலாம், இன்றிலிருந்து தம்பி பட்டறைப் பக்கமே போகக் கூடாது என்று சொல்லி அனுப்பினார்.

வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்த முருகேசனிடம், பட்டறைதான் காரணமாம் என்றேன். ஏன் இவ்வளவு காலம் தெரியவில்லை என்று கேட்பான், சட்டையைப் பிடிப்பான் என்று நினைத்தேன். பிடித்திருக்கக் கூடாதா!

அவன் முகம் மலர்ந்தது.

“அப்ப நான் சோம்பேறி இல்லதானண்ணே?”

இல்லடா என்றேன். அவன் உடனே மனைவி செல்விக்குப் போன் போட்டான். “சோம்பேறித்தனம் இல்லையாம் செல்வி... வேலதானாம்... டாக்டரம்மாவே சொல்லிட்டாங்க...” ஒவ்வொரு பேச்சுக்கும் நடுவே மூச்சு வாங்க நின்றான். நான் பக்கத்தில் நின்று, அவன் பேசி முடிக்கட்டும் என்று காத்திருந்தேன்.